பெயரும் விடுதலையும்: கடலூர்க் கரையின் அடிமைச் சிறுமியரும் ரெபேக்கா புரோட்டன் அம்மையாரும்

அடிமை வணிகம் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பது அட்லாண்டிக் பெருங்கடலும், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும், அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களுமே ஆகும். திருச்சபை வரலாற்று வகுப்புகளிலும் வில்பர்போர்சின் பெயரோடு இப்பொருள் தொடங்கி, அவர் பெயரோடு முடிந்துவிடுகிறது. ஆயின் நாம் நாள்தோறும் காணும் கடலூர்க் கரையிலிருந்தும் அடிமைக் கப்பல்கள் புறப்பட்டன என்பதையும், அக்கப்பல்களில் ஏற்றப்பட்டோரில் சிறுமியர் பலர் இருந்தனர் என்பதையும் நம்மில் சிலரே அறிவர். இக்கட்டுரையில் அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துக்கொண்டு, அதே காலத்தில் வேறொரு கடலில், நம் தரங்கம்பாடியை ஆண்ட அதே அரசனின் கொடியின்கீழ் வாழ்ந்த ஆப்பிரிக்க வழிவந்த ஓர் அடிமைச் சிறுமியின் வாழ்க்கையோடு இணைத்துச் சிந்திக்க விழைகிறோம். திருச்சபை அடிமைக்குப் பெயர் கொடுத்தது. அப்பெயருக்குரிய விடுதலையையும் கொடுத்ததா என்பதே நம் முன் உள்ள வினா.

1. தேவனாம்பட்டினத்திலிருந்து சென்ற கப்பல்கள்

ஒல்லாந்தர் 1608-ஆம் ஆண்டில் செஞ்சி நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றினர். சில ஆண்டுகளில் பழவேற்காடு அவர்களுடைய தலைமை இடமாயிற்று. அவர்கள் நாடி வந்தது துணி வணிகம். எனினும் பத்தேவியாவிலும் நறுமணத் தீவுகளிலும் வேலையாட்கள் தேவைப்பட்டபோது, பஞ்சமும் போரும் வாட்டிய சோழமண்டலக் கரை ஆட்களை வாங்கும் சந்தையாகவும் மாறியது. 1622, 1623-ஆம் ஆண்டுகளில் பழவேற்காட்டிலிருந்தும் தேவனாம்பட்டினத்திலிருந்தும் ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் அடிமைகள் ஏற்றுமதியாயினர். 1645, 1646-ஆம் ஆண்டுகளில் பத்தேவியாவுக்கு அனுப்பப்பட்டோர் 2,118 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்கள். 1659 முதல் 1661 வரை பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியதைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேர் வரை வாங்கப்பட்டு, பெரும்பாலும் இலங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

1680-களின் இறுதியில் மீண்டும் பஞ்சம் வந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து நாகப்பட்டினத்தின் வழியாக அச்சேக்கும் ஜோகூருக்கும் விற்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் சிறுமியரும் சிறுவருமே என்று அக்கால ஒல்லாந்த ஆவணங்களை ஆராய்ந்தோர் எழுதுகின்றனர். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயக் கம்பெனி ஆள் ஒன்றுக்கு ஒரு வராகன் தீர்வை பெற்றுக்கொண்டு அடிமை ஏற்றுமதியை அனுமதித்தது. 1687-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மட்டும் அங்கிருந்து 665 பேர் கப்பலேற்றப்பட்டனர். மறு ஆண்டில் முகலாய அரசின் சினத்திற்கு அஞ்சி அது தடை செய்யப்பட்டது. அப்போது சென்னையின் ஆளுநராயிருந்த எலிகு யேல் என்பவரே 1690-இல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கி, அதனைப் புனித தாவீது கோட்டை ஆக்கியவர். அவர் பெயர் ஒரு புகழ்மிக்க பல்கலைக்கழகத்தின் பெயராக இன்றும் வாழ்கிறது. அந்த 665 பேரில் எவர் பெயரையும் நாம் அறியோம். பெயர்களைப் பற்றிய நம் ஆராய்ச்சிக்கு இவ்வேற்றுமையே தொடக்கமாகிறது.

2. விற்றவர் யார்? வாங்கியவர் யார்?

இக்கொடுமை முழுவதையும் ஐரோப்பியர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. ஆளை விற்கும் ஓலை நம் நாட்டில் அவர்கள் வருமுன்பே எழுதப்பட்டது. தஞ்சைப் பகுதியில் உள்ள திருப்பாம்புரத்துக் கல்வெட்டொன்று, 1201-ஆம் ஆண்டில் பஞ்சத்தின் கொடுமை தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டதைக் கூறுகிறது. அவ்விரு பெண்மக்களின் மனநிலையைக் கல் கூறவில்லை, விலையைக் கூறுகிறது.

சைவ மரபில் பெரிதும் போற்றப்படும் சுந்தரர் வரலாறும் ஓர் அடிமை ஓலையைச் சுற்றியே அமைந்துள்ளது. நம் தென்னார்க்காட்டுச் சீமையின் திருவெண்ணெய்நல்லூரில், முதியவர் வடிவில் வந்த சிவபெருமான் ஓலையைக் காட்டி, சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்காடி வெல்கிறார். பக்தியின் பார்வையில் அது ஆட்கொள்ளும் அருள். ஆயினும், அடிமை ஓலை என ஒன்று நாட்டு வழக்கில் இருந்திராவிடின் இக்கதையைக் கேட்டோருக்கு அது விளங்கியிராது. நாமும் நம் ஜெபங்களில் 'அடியேன்' என்கிறோம். பவுலும் தம்மை இயேசு கிறிஸ்துவின் அடிமை என்றே ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் தொடங்குகிறார். தானே விரும்பிச் சொல்லும்போது இனிக்கும் இச்சொல், பிறர் ஒருவர்மேல் எழுதி வைக்கும்போது விலங்காகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத பிரசங்கம் துன்புறுவோரின் செவியில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலிருந்து மொரீசுக்கும் பூர்போன் தீவுக்கும் தமிழரை அடிமைகளாக அனுப்பினர். ஏழை எளியோரை ஏமாற்றிப் பிடித்து அடைத்துவைத்துக் கப்பலேற்றிய ஒரு கும்பல் அகப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தம் 1743-ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அக்கும்பலின் கையாட்கள் நம் நாட்டவரே. எதிர்த்திசையில், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்டோர் இக்கரையில் படைவீரராகவும் கூலிகளாகவும் பணிபுரிந்தனர். தமிழர் அவர்களைக் காப்பிரிகள் என்றழைத்தனர். 1746-இல் லபோர்தொனே சென்னையைக் கைப்பற்ற வந்தபோது அவருடைய கப்பல்களில் ஆப்பிரிக்க அடிமைகளும் இருந்தனர். ஆகவே ஒரே கடலில் தமிழர் மேற்கே விற்கப்பட்டுச் சென்றனர். ஆப்பிரிக்கர் கிழக்கே விற்கப்பட்டு வந்தனர். இரு சாராரும் ஒருவரையொருவர் கடந்து சென்ற பாதை அது.

3. 'கரையைச் சேர்ந்த' சிறுமி

விற்கப்பட்ட சிறுமி முதலில் இழப்பது தன் பெயரை. நன்னம்பிக்கை முனையில் ஒல்லாந்தர் வைத்திருந்த ஏடுகளில் அடிமைகளுக்கு ஐரோப்பியப் பெயர் ஒன்றை இட்டு, அதனோடு வாங்கிய இடத்தின் பெயரைச் சேர்த்து எழுதுவது வழக்கம். 'வங்காளத்து', 'மலபாரின்', 'சோழமண்டலத்தின்', வெறுமனே 'கரையின்' என்னும் அடைமொழிகளே அவர்களுடைய குலப்பெயராயின. தகப்பன் பெயர் இல்லை. தாயின் பெயர் இல்லை. பிறந்த ஊரும் இல்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகமே அவளுடைய பிறப்பிடமாகி விடுகிறது.

பெற்றோரை இழந்த பிள்ளைக்கு இவ்விழப்பு இருமடங்காகும். வளர்ந்த ஒருவர் புதிய பெயரால் அழைக்கப்பட்டாலும் பழைய பெயரை உள்ளத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆறேழு வயதுக் குழந்தைக்கோ தான் யார் என்று சொல்லித்தர எவரும் இல்லாத இடத்தில் ஏட்டில் உள்ள பெயரே எஞ்சுகிறது. ஆகவே அடிமைச் சிறுமி தேடிய விடுதலையையும் அவள் தேடிய அடையாளத்தையும் இருவேறு பொருள்களாக நாம் கருதலாகாது. விலங்கை அவிழ்த்துவிட்டு, 'நீ யார்?' என்னும் வினாவுக்கு விடையில்லாமல் நிறுத்தினால் விடுதலை பாதியே ஆகும். பெயரைக் கொடுத்துவிட்டு விலங்கை அவிழ்க்காவிடினும் அவ்வாறே.

4. 1707: தரங்கம்பாடியின் முதற்கனிகள்

சீகன்பால்கும் புளூட்சோவும் 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கியதை நாம் ஆண்டுதோறும் நன்றியோடு நினைவுகூருகிறோம். அவர்களுடைய ஊழியத்தின் முதற்கனிகளாக 1707 மே 12-ஆம் நாள் சீயோன் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றோர் ஐவர். அவ்வைவரும் டேனியருடைய வீடுகளில் இருந்த அடிமைகள். இந்தியாவின் புரொட்டஸ்டண்ட் திருச்சபை அடிமைகளோடு தொடங்கிற்று என்பது நாம் பெருமையோடு கூறத்தக்க செய்தி. அதே ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

ஆயினும் அச்செய்தியின் மறுபக்கத்தையும் நாம் படித்தாக வேண்டும். ஞானஸ்நானத் தொட்டியை விட்டு அவ்வைவரும் புதிய பெயர்களோடு வெளிவந்தனர். தங்கள் எஜமானரின் வீடுகளுக்கே திரும்பினர். ஞானஸ்நானம் அவர்களுடைய சட்டநிலையை மாற்றவில்லை. இது தரங்கம்பாடிக்கு மட்டும் உரிய நிலை அன்று. ஒல்லாந்தரின் டார்ட் மாமன்றம் 1618-இல், ஞானஸ்நானம் பெற்ற அடிமைகள் ஏனைய கிறிஸ்தவரோடு சம உரிமை பெறவேண்டும் எனக் கருதியது. அதன் விளைவாக எஜமானர் பலர் தங்கள் அடிமைகளை ஞானஸ்நானத்திற்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டனர். ஆங்கிலேயரின் வர்ஜீனியாக் குடியேற்றமோ 1667-இல், ஞானஸ்நானம் எவருடைய அடிமை நிலையையும் மாற்றாது என்று சட்டமே இயற்றியது. எஜமானருக்கு அச்சம் நீங்கினால் நற்செய்திக்கு வழி திறக்கும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நற்செய்திக்கு வழி திறக்கப்பட்டது. ஆனால் அவ்வழியில் நுழைவதற்கு நற்செய்தி தன் கூர்மையை வாசலிலேயே விட்டுவிட வேண்டியதாயிற்று.

5. ஹாலேயிலிருந்து செயின்ட் தாமஸ் வரை

தரங்கம்பாடி ஊழியத்தின் செய்தி ஜெர்மனியில் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளியை எட்டியது. அங்கு 1710 முதல் 1716 வரை பயின்ற மாணவருள் ஒருவர் சின்சென்டார்ப் பிரபு. விடுப்பில் வந்த தரங்கம்பாடி மிஷனெரிகளை அவர் பிராங்கேயின் இல்லத்தில் கண்டார். அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். புறமதத்தாரிடையே ஊழியம் செய்யும் ஆவல் தம் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான் என்று பின்னர் அவரே கூறினார். 1731-இல் அவர் டென்மார்க் அரசனின் முடிசூட்டு விழாவுக்குச் சென்றபோது, செயின்ட் தாமஸ் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தோன் என்னும் அடிமையைச் சந்தித்தார். அத்தீவில் தம் சகோதரி முதலானோர் நற்செய்திக்காக ஏங்குகிறார்கள் என்று அந்தோன் கூறிய சொல்லே, 1732-இல் டோபரும் நிட்ச்மனும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்படக் காரணமாயிற்று. மொரேவிய சகோதர சபையின் முதல் மிஷனெரிகள் அவர்களே.

இவ்வாறு காவிரிப்பூம்பட்டினத்திற்கு அண்மையில் மூட்டிய தீயிலிருந்து ஒரு பொறி கரிபியக் கடலில் விழுந்தது. தரங்கம்பாடியும் செயின்ட் தாமசும் டென்மார்க் அரசனின் உடைமைகள். ஓரிடத்தில் துணியும் மிளகும். மற்றோரிடத்தில் கரும்பும் ஆப்பிரிக்க அடிமைகளும். 1733 நவம்பரில் செயின்ட் தாமசை அடுத்த செயின்ட் ஜான் தீவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து பல மாதங்கள் தீவைத் தம் கையில் வைத்திருந்தனர். அதே பருவத்தில், 1733 டிசம்பர் 28-ஆம் நாள், கடலூரில் பிறந்த ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் புரொட்டஸ்டண்ட் குருப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. ஒரே அரசனின் குடைக்கீழ் ஓரிடத்தில் சுதேசியின் தலைமேல் கைகள் வைக்கப்பட்டன. மற்றோரிடத்தில் கறுப்பரின் கைகள் விலங்கிடப்பட்டன.

6. ரெபேக்கா

1718-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரின் ஆண்டிகுவாத் தீவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஆப்பிரிக்க வழியும் ஐரோப்பிய வழியும் கலந்த குழந்தை அது. ஏறத்தாழ ஆறேழு வயதில் அவளை யாரோ கடத்திச் சென்று செயின்ட் தாமஸ் தீவில் வான் பெவர்ஹூட் என்னும் தோட்டக்காரரின் குடும்பத்திற்கு விற்றனர். பெற்றோரை அவள் மீண்டும் கண்டதாகச் செய்தி இல்லை. ஷெல்லி என்பது அவள் பெயராயிருந்தது. வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்ட அவளுக்கு அக்குடும்பத்தார் எழுத்தறிவும் வேத அறிவும் ஊட்டினர். பன்னிரண்டு வயதளவில் அவளுக்கு விடுதலையும் கிடைத்தது. ஞானஸ்நானத்தில் அவள் ரெபேக்கா ஆனாள்.

விடுதலை பெற்ற அடிமைப் பெண் ஒருத்தி, எழுத்தறிந்தவள், எஜமானரின் வீட்டிலேயே மதிப்போடு வாழ வழியுள்ளவள், அதனோடு அமைதி அடைந்திருக்கலாம். 1736-இல் மொரேவிய மிஷனெரி பிரீட்ரிக் மார்ட்டின் அத்தீவுக்கு வந்தபோது, அடிமைப் பெண்களுக்குப் போதிக்கத் தகுந்த துணையாளரை ரெபேக்காவில் கண்டார். பகலெல்லாம் கரும்புத் தோட்டங்களில் உழைத்த அடிமைகளுக்கு இரவே ஓய்வு. ஆகவே அவர் மாலையில் புறப்பட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் தோட்டம் தோட்டமாகச் சென்று, குடிசைகளில் பெண்களைக் கூட்டிப் போதித்தார், எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு அப்போது வயது பதினெட்டு. தான் யார் என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை இதுவே: தான் விட்டுவந்த அடிமைகளின் குடிசைக்கே விருப்பத்தோடு திரும்பிச் செல்பவர்.

1738 மே மாதத்தில் மார்ட்டின் ரெபேக்காவையும் மத்தேயு பிராய்ண்ட்லிக் என்னும் வெள்ளைக்கார மிஷனெரியையும் மணமுடித்து வைத்தார். தீவின் சீர்திருத்த சபைப் போதகர் அம்மணத்தை ஏற்க மறுத்தார். மார்ட்டினின் குருப்பட்டமே செல்லாது என்றார். தோட்டக்காரர்களுக்கோ, அடிமைகள் எழுத்துக் கற்பதே பெருங்குற்றமாகத் தோன்றியது. மார்ட்டினும் பிராய்ண்ட்லிக்கும் ரெபேக்காவும் சிறையிடப்பட்டனர். மனச்சாட்சியின் நிமித்தம் சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்ததும் அவர்களுக்கு எதிராயிற்று. ரெபேக்காவுக்கு நேரிட இருந்த தண்டனை தனி: அவர் மீண்டும் அடிமையாக விற்கப்படும் ஆபத்தில் இருந்தார். ஆறு வயதில் தன் மொழி அறியாமல் நேர்ந்ததை, இருபது வயதில் அறிந்தே எதிர்நோக்கினார். பின்வாங்கியிருந்தால் தப்பியிருக்கலாம், அவர் பின்வாங்கவில்லை. 1739 ஜனவரியில் சின்சென்டார்ப் பிரபு நேரில் வந்து ஆளுநரிடம் பேசியபின்பே அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

7. பிரபுவின் சொல்லும் மரோத்தாவின் எழுத்தும்

சிறைக்கதவைத் திறந்த அதே சின்சென்டார்ப், தீவை விட்டுப் புறப்படுமுன் அடிமைகளைக் கூட்டி உரையாற்றினார். கிறிஸ்து தரும் விடுதலை உள்ளத்திற்குரியது. எஜமானர்களுக்கு முன்னிலும் உண்மையாய் உழையுங்கள். அரசரையும் எஜமானரையும் ஏழைகளையும் கடவுளே ஏற்படுத்தினார் என்பது அவ்வுரையின் சாரம். கறுப்பரின் அடிமைத்தனத்தைக் கடவுள் அனுப்பிய தண்டனை என்றும் அவர் கூறினார். இதற்குச் சற்று முன்னர் சகோதர சபை அத்தீவில் ஒரு தோட்டத்தை, அதில் இருந்த அடிமைகளோடு விலைக்கு வாங்கியிருந்தது. அடிமைகளுக்காகத் தங்களையே அடிமைகளாக விற்றுக்கொள்ளவும் ஆயத்தமாயிருந்தவர்கள் என்று நாம் போற்றும் சபை அது. பரிசுத்தவான்களின் வரலாற்றை எழுதும்போது இப்பக்கத்தைக் கிழித்தெறிய நமக்கு உரிமை இல்லை.

அதே ஆண்டில் அடிமைகளும் தங்கள் சொல்லை எழுதினர். டென்மார்க் அரசி சோபியா மகதலேனாவுக்குப் பெண்கள் சார்பில் ஒரு விண்ணப்பம் சென்றது. எழுதியவர் ஆப்பிரிக்காவின் போப்போ நாட்டிலிருந்து விற்கப்பட்டு வந்த மரோத்தா என்னும் முதியவர். கர்த்தரைத் தொழவும் கற்கவும் எங்களை விடுங்கள் என்பதே வேண்டுகோள். அவ்விண்ணப்பம் அவருடைய தாய்மொழியிலும் ஒல்லாந்தக் கிரியோல் மொழியிலும் எழுதப்பட்டிருந்தது. ஒப்பமிடுமிடத்தில் அவர் தம் பழைய பெயரான மரோத்தாவையும், ஞானஸ்நானப் பெயரான மகதலேனாவையும், தம் நாடாகிய போப்போவையும் சேர்த்தே எழுதினார். புதிய பெயரை ஏற்பதற்காகப் பழைய பெயரையும் நாட்டையும் அவர் அழிக்கவில்லை. இறையியல் நூல்கள் நெடுங்காலம் கழித்தே கண்டடைந்த ஒன்றை, அரசிக்கு எழுதிய அவ்வொப்பம் அன்றே கூறிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. சிறுவயதில் விற்கப்பட்ட ஆப்பிரிக்க அனாதைச் சிறுவன் யாக்கோபு கப்பிட்டெய்ன், ஒல்லாந்து நாட்டில் கல்வி கற்று, 1742-இல் லேய்டன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரை நிகழ்த்தினார். அடிமைமுறை கிறிஸ்தவ சுயாதீனத்திற்கு மாறானதன்று என்பதே அதன் பொருள். அது பல பதிப்புகள் கண்டது. அவரை இகழ நாம் முன்வரலாகாது. அவருக்கு இறையியலைக் கற்பித்தவர்கள் எதைக் கற்பித்தார்களோ அதையே அவர் திரும்பக் கூறினார். ஓர் அடிமையின் நாவிலேயே அடிமைத்தனத்தின் நியாயத்தை வைக்கக்கூடிய வல்லமை இறையியல் கல்விக்கு உண்டு என்பதை இறையியல் மாணவராகிய நாம் அஞ்சி அறிதல் வேண்டும்.

8. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும்

ரெபேக்கா 1742-இல் கணவரோடு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பயணத்தில் கணவர் இறந்தார். சில காலத்தில் மகளும் இறந்தாள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹாக் என்னும் மொரேவியக் குடியிருப்பில் அவர் பெண்களிடையே ஊழியம் செய்தார். 1746-இல் கிறிஸ்டியன் யாக்கோபு புரோட்டன் என்பவரை மணந்தார். அவரும் ஆப்பிரிக்கத் தாய்க்கும் டேனியத் தகப்பனுக்கும் பிறந்தவர். அதே ஆண்டில் ரெபேக்கா உதவிக்காரியாக அபிஷேகம் பெற்றார். ஆப்பிரிக்க வழிவந்த பெண்களில் மேலைப் புரொட்டஸ்டண்ட் சபையொன்றில் இத்தகைய அபிஷேகம் பெற்றோரில் அவர் மிகத் தொடக்கத்தவர். ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

1765-இல் அவர் கணவரோடு ஆப்பிரிக்காவின் பொற்கரைக்குச் சென்றார். கிறிஸ்டியான்ஸ்போர்க் என்னும் டேனியக் கோட்டையில் புரோட்டன் ஒரு பள்ளி நடத்தினார். அக்கோட்டையிலிருந்துதான் அடிமைகள் செயின்ட் தாமசுக்கு அனுப்பப்பட்டனர். அடிமைகள் புறப்படும் வாசலுக்கருகே, அடிமையாயிருந்த ஒருவர் கணவரின் பள்ளிப்பணிக்குத் துணைநின்று தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1780-இல் அங்கேயே மரித்தார். அந்த வாசலை அவரால் அடைக்க முடியவில்லை. ஆனால் அக்கோட்டையின் கணக்கேடுகளில் எண்களாய்க் கடந்துபோன ஆயிரக்கணக்கானோருக்கு நடுவே ஒரு முழு வாழ்வு பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓவியர் ஹைட் என்பவர் ரெபேக்காவையும் கணவரையும் சிறுமகளையும் ஒருங்கே வரைந்த படமும் நிலைத்திருக்கிறது. கடத்தப்பட்ட சிறுமி, தன் மகளின் அருகே தாயாக அப்படத்தில் காணப்படுகிறார்.

9. சிதம்பரத்தின் வினா

இனி நம் வயல்களுக்குத் திரும்புவோம். கப்பல் ஏறாத அடிமைகளும் இருந்தனர். கொள்ளிடத்தின் வடகரை முதல் சிதம்பரம் வரை பரந்த நெல்வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த பண்ணையாட்கள் நிலத்தோடு கைமாறினர். கோபாலகிருஷ்ண பாரதியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இயற்றிய நந்தனார் சரித்திரம், பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்க்கிறது. அவர் பண்ணைக்கு உடையவராகிய வேதியர். சிதம்பரம் சென்று தொழ விரும்பும் நந்தன் முதலில் தன் எஜமானரின் உத்தரவைப் பெறவேண்டியவனாகிறான். தொழுவதற்கு விடு என்று நந்தன் வேதியரிடம் இறைஞ்சுவதும், தொழுவதற்கு விடு என்று மரோத்தா அரசிக்கு எழுதியதும் ஒரே விண்ணப்பமே. ஆண்டையின் வேலைக்கும் ஆண்டவனின் வழிபாட்டுக்கும் இடையே நிறுத்தப்பட்ட மனிதனின் குரலை, தில்லையையும் தீவையும் பிரிக்கும் கடல் மாற்றிவிடவில்லை.

சட்டங்கள் மெல்ல வந்தன. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது உரிமை கோரும் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. செயின்ட் தாமஸ் உள்ளிட்ட டேனியத் தீவுகளில் 1848 ஜூலை 3-ஆம் நாள் விடுதலை பிறந்தது. செயின்ட் குரோய் தீவின் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு நின்றதால் ஆளுநர் அதனை அறிவித்தார். தரங்கம்பாடியை டேனியர் மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே ஆங்கிலேயருக்கு விற்றிருந்தனர். நம் நாட்டிலோ கடனுக்காக ஆளைக் கட்டிவைக்கும் வழக்கம் தொடர்ந்தமையால் 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பின்னரும் தமிழ்நாட்டின் செங்கற் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கொத்தடிமைகள் மீட்கப்பட்டுள்ளனர். முன்பணம் வாங்கிய தகப்பனோடு பிள்ளையும் சூளைக்குச் செல்கிறது. அதன் பெயர் பள்ளிப் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. திருப்பாம்புரத்துக் கல்வெட்டின் இரு பெண்மக்களை இங்கே நாம் மீண்டும் காண்கிறோம்.

10. நமக்குரிய பாடம்

பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். பவுல் அங்கே அடிமைமுறையைக் கண்டிக்கவில்லை என்று குறை கூறுவோரும் உளர். ஒநேசிமுவை அவர் எஜமானிடம் திருப்பி அனுப்பினார் என்பதை மட்டும் எடுத்துக்காட்டி அடிமைமுறைக்கு அரண் செய்தோரும் இருந்தனர். 16-ஆம் வசனத்தை நிதானமாய்ப் படிப்போர், ஒநேசிமு சகோதரனாய் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டிய இடம் ஆவிக்குரிய உலகம் மட்டும் அன்று, மாம்ச வாழ்வும் அதற்குள் அடங்கும் என்று பவுல் இரண்டையும் சேர்த்தே கூறுவதைக் காண்பர். சின்சென்டார்ப் பிரபு கண்டும் கடந்துபோன இடம் இதுவே. கலாத்தியர் 3:28-ஐயும் நாம் பெரும்பாலும் ஞானஸ்நான ஆராதனையோடு நிறுத்திவிடுகிறோம்; பவுலோ அதனை ஒரே மேசையில் யார் யாரோடு உட்காருவது என்னும் வழக்கின் நடுவில் எழுதினார்.

ஆகவே வருங்காலப் போதகர்களுக்கு நாம் கூறவிரும்புவது ஒன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதும்போது நாம் செய்வது எழுத்தர் வேலை அன்று. அப்பெயரால் அப்பிள்ளை இனி யாராலும் விற்கப்படக்கூடாது என்று சபையார் முன்னிலையில் நாம் பிணை நிற்கிறோம். அப்பிள்ளை ஆலயத்திற்கு வராத ஞாயிறுகளில் எங்கே இருக்கிறது, எவர் கடனுக்காக எங்கே உழைக்கிறது, பள்ளிப் பதிவேட்டில் அதன் பெயர் உள்ளதா என்று கேட்பதும் அத்திருமுழுக்கின் பகுதியே ஆகும். 1707-இல் தரங்கம்பாடியின் குருமார் ஐவருக்குப் பெயர் கொடுத்தனர். அவர்களால் அதற்குமேல் செய்ய இயலவில்லை, அல்லது செய்யத் துணியவில்லை. சட்டமும் அரசும் நம் பக்கம் நிற்கும் இக்காலத்தில் நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

தேவனாம்பட்டினத்துக் கரையில் இன்று அடிமைக் கப்பலின் சுவடு எதுவும் இல்லை. மீன்பிடி படகுகளும் மணலும் உள்ளன. அங்கிருந்து சென்ற சிறுமியரின் பெயர்களை நாம் மீட்டெடுக்க இயலாது. அவை கர்த்தருடைய புத்தகத்தில் உள்ளன என்று நம்புகிறோம். நம் கையில் இருக்கும் ஏட்டில் உள்ள பெயர்களுக்கே நாம் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.